'கஞ்சம்' என்கிறார்கள் ஆபீஸில்!

கேள்வி: வயது 25. வீடு காசிமேடு, ஆபீஸில் 'ராயபுரம்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார். எனக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. மே மாத கோவா டிரிப்புக்கு வரவில்லை என்றதும் 'கஞ்சம்' என்கிறார்கள். வீட்டிலோ 'பெரிய எடத்துப் பொண்ணு ஆயிட்ட' என்று குத்தல். அடையாறில் இருக்கும் என் காதலர், எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் கஞ்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், பங்கும் கிடையாது. அரசு நிவாரணம் 8,000 ரூபாயைப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய். மிச்சமெல்லாம் உங்கள் சம்பளம். ஆபீஸில் இருப்பவர்களுக்கு மே என்றால் லீவு, அவ்வளவுதான். நீங்கள் 'உடம்பு சரியில்லை', 'அத்தை வீட்டு விசேஷம்' என்று சாக்கு சொல்லச் சொல்ல, வீட்டு வரவுசெலவு உங்கள் குணமாகிவிடுகிறது. கொஞ்ச நாளில் நீங்களே அதை நம்புவீர்கள். "ஜூன் வரைக்கும் வீட்டுச் செலவு என் பொறுப்பு, ஜூலைல போலாமா?" என்று கேளுங்கள். ஹோட்டலிலும் "என்னோடத நான் குடுத்துடறேன்" என்பதை ஆர்டருக்கு முன்பே சொல்ல வேண்டும். பில் வந்தபின் சொன்னால் மனஸ்தாபம்தான்.

வீட்டில் அம்மாவின் பேச்சைத் திருத்துகிறீர்களா? குத்தல் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். நிறுத்திவிடுங்கள். ஆபீஸில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்பது வேஷம் இல்லை. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ, கிராமத்துத் தபால் ஊழியரின் மகன். பாரிஸில் பேராசிரியரான பிறகும் தனக்குள் இந்தப் பிளவு இருந்ததாக எழுதியிருக்கிறார். எனவே, அந்தப் பிளவு மறையட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ராயபுரம் பக்கத்தில்தான் என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனாலும் காதலரிடம், அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: தெரு, ஒரே அறை என்றால் ஒரே அறை, அப்பாவின் தொழில். "பரவால்ல, நான் அதெல்லாம் பாக்க மாட்டேன்" என்றால் உருகிவிடாதீர்கள். அவர் பெரிய மனது பண்ணி மன்னிக்க உங்கள் வீட்டில் என்ன குற்றம் இருக்கிறது? "அப்பா எத்தனை நாள் கடல்ல இருப்பார்?" என்று கேட்கிற ஆள் என்றால் தைரியமாகக் கூட்டி வரலாம்.

தடைக்காலத்தில் மட்டும் வேண்டாம். வஞ்சிரம் விலை எகிறிக் கிடக்கும். அம்மா கடன் வாங்கியாவது குழம்பு வைப்பார். ஜூனுக்குப் பிறகு, அப்பா கரை திரும்பும் நாளாகப் பாருங்கள். ஞாயிறு காலை என்றால் மார்க்கெட் கூட்டத்தில் வண்டி நுழையாது, சாயங்காலம் வரச் சொல்லுங்கள்.