பேயா, பூதமா?

அன்புள்ள சார்,

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். யூனியன் ஆபீஸில் கம்யூனிஸ்ட் அறிக்கை மூன்று மொழியிலும் கிடக்கிறது. முதல் வரியில் இங்கிலீஷ்காரன் 'ஸ்பெக்டர்' என்கிறான். தமிழிலும் மலையாளத்திலும் 'பூதம்'. ஐரோப்பாவைப் பிடித்து ஆட்டுகிறதாம். ஸ்பெக்டர் என்றால் பேய்தானே, 'கோஸ்ட்' என்றே போட்டிருக்கலாமே என்கிறார் ஒரு தோழர். என்ன வித்தியாசம்?

வாசகர், மூணாறு

அன்புள்ள நண்பருக்கு,

கோஸ்ட் என்றால் யாராவது செத்திருக்க வேண்டும். பழைய பங்களாவில் ராத்திரி உலாத்துவதாகச் சொல்லும் வெள்ளைக்கார துரை கோஸ்ட். ஸ்பெக்டருக்கு ஆள் தேவையில்லை. 'பார்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. கண்ணில் படும் உரு, அவ்வளவுதான். நியூட்டன் நிறப்பட்டைக்கு வைத்த 'ஸ்பெக்ட்ரம்' இதன் கூடப்பிறந்தது. முதுகில் வெயில் அடிக்க, எதிரே மஞ்சில் தன் நிழலே ராட்சசனாக விழுவதை 'ப்ராக்கன் ஸ்பெக்டர்' என்பார்கள், ஜெர்மனியில் உள்ள மலையின் பெயரால். அங்கே யாரும் சாகவில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் ஸ்பெக்டர் பெரும்பாலும் வரப்போகிற ஆபத்துக்குத்தான். மழை பொய்த்தால் 'ஸ்பெக்டர் ஆஃப் டிராட்' என்று தலைப்பு வரும். வறட்சி இன்னும் வரவில்லை, கிலி வந்துவிட்டது. அங்கே கோஸ்ட் என்று போட்டால் என்றோ வந்துபோன வறட்சியாகிவிடும்.

அறிக்கையில் அடுத்த வரியையும் தோழருக்குப் படித்துக் காட்டுங்கள். போப், ரஷ்ய ஜார், ஆஸ்திரியாவின் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் எல்லாரும் அதை ஓட்டக் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். செத்ததை ஓட்டவா இத்தனை பேர்? எதிராளிகள் கட்டிவிட்ட பூச்சாண்டிக் கதை என்றுதான் மார்க்ஸும் எங்கெல்சும் கிண்டல் செய்கிறார்கள்.

ஸ்பெக்டரும் முதலிலேயே வந்ததல்ல. 1848 ஜெர்மன் மூலத்தில் 'கெஷ்பென்ஸ்ட்'. 1850இல் முதன்முதலாக ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஹெலன் மக்ஃபார்லேன் 'ஹாப்காப்ளின்' என்று போட்டார், கிட்டத்தட்ட உங்கள் ஊர்க் குட்டிச்சாத்தான். ஸ்பெக்டர் 1888இல், சாமுவேல் மூர் மொழிபெயர்ப்பில்தான். அதுவே நிலைத்தது.

ஆகவே பூதம் சரி. அதுவும் செத்த மனிதரல்ல. என் குறை 'பிடித்து ஆட்டுகிறது' மேல்தான். பேய் பிடித்து அலைக்கழிப்பதைச் சொல்லும் ஆங்கில 'ஹாண்ட்' (haunt) அங்கே கொண்டுபோய் விட்டிருக்கும். ஜெர்மன் வினை பேய் சுற்றித் திரிவதைச் சொல்கிறது. பிடிப்பது அதற்கப்புறம்தானே? 'அந்தப் பக்கம் பேய் நடமாட்டம் உண்டு' என்று நாமே சொல்கிறோம். நான் எழுதியிருந்தால் பூதத்தைத் தொடாமல் 'நடமாடுகிறது' என்று மட்டும் மாற்றியிருப்பேன்.