வாசகர் கேள்வி: காலணியை வாசலிலேயே விடச் சொல்வது எப்படி?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. வீடு முழுவதும் தவழ்கிறாள். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள். சென்ற தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு என் கணவருடன் பணிபுரியும் வெளிநாட்டு நண்பர்கள் நால்வர் வந்தார்கள். அவர்களில் இருவர் சப்பாத்தோடு கூடம் வரை வந்துவிட்டார்கள். விருந்துக்கு வந்தவரைக் கழற்றச் சொல்வது மரியாதைக் குறைவு என்கிறார் கணவர். மாமியாரோ ஒன்றும் பேசாமல் அவர்கள் நடந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனார். அதை அவர்களும் பார்த்துவிட்டார்கள். இந்த ஆண்டும் அவர்களை அழைக்க விரும்புகிறோம். எப்படிச் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாகச் சொல்லலாம். சந்தையின் மீன்கடை ஈரத்தையும் பொதுக் கழிவறைத் தரையையும் மிதித்து வந்த காலணி, பிள்ளை கை ஊன்றித் தவழும் கூடத்துக்குள் வரலாகாது என்பதில் உங்களுக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். அதே சமயம், உங்கள் கணவரின் அச்சத்தையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். சொல்லும் நேரம் தவறினால் அவர் அஞ்சுவதே நடக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக்கு ஒரு பெரியவர் காலணியோடு வந்து அமர்ந்தார். நான் காப்பி கொண்டுவந்து வைத்த பிறகுதான், மெதுவாக, வெளியே கழற்றிவிடுகிறீர்களா என்று கேட்டேன். அவர் உடனே குனிந்து கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரியும் அளவுக்குக் கிழிசல் இருந்தது. அந்தப் பாதத்தை மற்றப் பாதத்தால் மறைத்துக்கொண்டே பேசியவர், காப்பியை முழுவதும் குடிக்காமல் விடைபெற்றுவிட்டார். நான் கேட்டதில் தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால், அவர் வாசலைத் தாண்டிய பிறகு கேட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். நிலைப்படிக்கு வெளியே சொன்னால் அது வரவேற்பின் ஒரு பகுதியாகிவிடும். உள்ளே வந்து அமர்ந்தவரிடம் சொன்னால், அவர் ஏதோ பிழை செய்துவிட்டார் என்று சொல்லிக் காட்டுவதாகிவிடும்.

நம் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. மலாய்க்காரர் வீடானாலும் சீனர் வீடானாலும் காலணி வாசலோடு நின்றுவிடும். பழைய மலாய் வீடுகளில் படிக்கட்டின் அடியில் தண்ணீர்ச் சாடியும் அகப்பையும் இருக்கும். காலைக் கழுவிய பிறகே படியேறுவார்கள். நான் வளர்ந்த பால்மர (ரப்பர்) தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் இதே வழக்கம்தான். சேறும் பாலும் படிந்த காலோடு வேலை முடிந்து வருபவர்கள், குழாயடியில் காலைத் தேய்த்துக் கழுவாமல் வீட்டு முகப்பான அஞ்சடியைக் கடந்து உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. குளிர்நாடுகள் சிலவற்றிலிருந்து வருபவர்களுக்கோ காலணி உடையின் ஓர் அங்கம். அழைத்தவர் சொல்லாமல் அதைக் கழற்றுவது அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொள்வதாகும் என்று அவர்கள் எண்ணக்கூடும். உங்கள் கணவரின் நண்பர்களும் அலட்சியத்தால் அப்படி வந்திருக்கமாட்டார்கள். எது முறை என்று யாரும் சொல்லாததால் வந்திருப்பார்கள்.

ஆகவே, முதல் சொல் அழைப்பிலேயே இருக்கட்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) நாளும் நேரமும் அனுப்பும்போது, “எங்கள் வீட்டில் காலணியை வாசலில் விட்டுவிடுவோம், பிள்ளை தவழ்கிறாள், எளிதில் கழற்றக்கூடியதாக அணிந்து வாருங்கள்” என்று கணவரை ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி வந்தவர்களுக்குச் செய்யும் நன்மை பெரிது. நல்ல காலுறையைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். குதிகால் உயர்ந்த காலணிக்கு ஏற்றவாறு புடவையை நீளமாகக் கட்டிக்கொண்டு வந்து, கழற்றியதும் கரை தரையில் புரளத் தவிக்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தவிப்பும் இராது.

இரண்டாவது சொல் வாசலில். கணவர் வெறுங்காலோடு நிலைப்படிக்கு வெளியே வந்து நின்று, “வாருங்கள், வாருங்கள், சப்பாத்தை இப்படி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்” என்று கையால் இடத்தைக் காட்டட்டும். அதை ஒரே மூச்சில், வரவேற்கும் குரலிலேயே சொல்ல வேண்டும். “தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்” என்று தொடங்கினால், தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும். குழந்தையைக் காரணம் காட்டுவது உண்மையானது, போதுமானது. அறிவிப்புப் பலகையை மட்டும் நான் விரும்புவதில்லை. “சிலா புக்கா காசுட்” (காலணியைக் கழற்றவும்) என்று மலாயில் அச்சிட்ட அட்டை மருந்தகத்துக்கும் பாலர் பள்ளிக்கும் பொருந்தும். பெயர் சொல்லி அழைத்த விருந்தாளியிடம் மனிதர் வாயால் சொல்வதே அழகு.

கழற்றச் சொல்லும் வீட்டாருக்கும் சில கடமைகள் உண்டு. நம்மில் பலர் தவறுவது இங்கேதான். கயிறு கட்டிய சப்பாத்தை ஒற்றைக்காலில் நின்று கழற்றுவது முழங்கால் வலிக்காரருக்கு இயலாது. வாசலருகே முதுகுள்ள ஒரு நாற்காலி போடுங்கள். தரையைக் காலையிலேயே துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரமான பளிங்குத் தரையில் காலுறையோடு நடப்பவர் வழுக்கி விழ நேரலாம். தரை சில்லென்று இருக்கிறது என்பவர்களுக்காக நான்கைந்து இணை சுத்தமான வீட்டுச் செருப்பு வைத்திருங்கள். குளியலறை வாசலில் கிடக்கும் ரப்பர் சிலிப்பரை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தீபாவளியன்று கோலத்தை நிலைப்படியை ஒட்டிப் பெரிதாகப் போட்டுவிட்டால் காலணி விட இடமே இல்லாமல் போகும். வந்தவர் கோலத்தைத் தாண்டுவாரா, காலணியைக் கழற்றுவாரா? சற்றே ஒரு பக்கமாகப் போடுங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கோலாலம்பூரில் பிற்பகல் மழை வழக்கமானது என்பதால், நனைந்த காலணிகளுக்கு அடியில் விரிக்கப் பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

உங்கள் மாமியாரிடம் ஒன்றைப் பணிவாகச் சொல்லுங்கள். இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் மறந்து சப்பாத்தோடு வந்துவிட்டால், அன்று அதை விட்டுவிட வேண்டும். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். விருந்தாளிகள் மின்தூக்கியில் இறங்கிய பிறகு தரையைத் துடைக்கலாம். ஒருவர் கண்ணெதிரே அவருடைய காலடியைத் துடைப்பது, நாம் வாயால் சொல்லத் தயங்கிய எதைக் காட்டிலும் கடுமையான சொல்.

கேள்வி: அம்மா, செராஸில் உள்ள எங்கள் குடியிருப்பில் வாசலுக்கு வெளியே காலணி அடுக்கு வைத்திருந்தோம். அகற்றும்படி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இனி விருந்தினரை எங்கே கழற்றச் சொல்வது?

பதில்: நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகளின்படி, நடைபாதை அனைவருக்கும் பொதுவான சொத்து. அதை மறித்து எதையும் வைக்கக் கூடாது. தீப்பற்றிப் புகை சூழும் நேரத்தில், கண் தெரியாமல் சுவரைத் தடவி வெளியேறுபவர்கள் இடறி விழுவது இத்தகைய அடுக்குகளில்தான். ஆகவே, அடுக்கை உள்ளே கொண்டுவந்து, கதவுக்கு உட்புறம் சுவரோரமாக ஒல்லியான ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். கதவிலிருந்து இரண்டு அடிக்கு வேறு நிறத்தில் தடித்த ஒரு மிதியடி விரியுங்கள். அதுவரை காலணி வரலாம், அதற்கப்பால் வெறுங்கால் என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். துணி துவைக்கும் இயந்திரம் போன்ற கனமான பொருளைத் தூக்கி வரும் தொழிலாளியிடம் மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். அது அவர் பாதத்துக்குப் பாதுகாப்பு. அவர் நடக்கும் வழியில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்தால் போதும்.

கேள்வி: அம்மா, நாங்கள் பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கிறோம். என் பெரியப்பாவுக்கு இனிப்பு நீர் நோய் (நீரிழிவு); பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் எங்கள் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடுதான் வருகிறார். பூசையறை கூடத்தை ஒட்டியே இருப்பதால் அம்மாவின் மனம் ஒப்பவில்லை. பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்: தம்பி, பெரியப்பாவைக் கழற்றச் சொல்லாதீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. நம் இந்தியச் சமூகத்தில் அது இன்னும் மிகுதி. ஆகவே, உங்கள் பெரியப்பாவைப் போன்றவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவார்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஊசி குத்தினாலும் தெரியாது. தெரியாத காயம் ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். வெறுங்கால் மட்டுமன்றி, காலுறையோடு மட்டும் நடப்பதையும் மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பையும் கூட இத்தகையோர் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. எனவே, விருந்தினருக்கென வைத்திருக்கும் மெல்லிய செருப்பை அவரிடம் நீட்டுவதும் சரியாகாது.

அவருடைய அளவுக்குப் பொருந்தும், தடித்த அடியும் மூடிய விரற்பகுதியும் உள்ள ஓர் இணையை, மருத்துவர் ஒப்பும் வகையில் வாங்கி, “பெரியப்பா, இது நம் வீட்டில் உங்களுக்கென்று வைத்திருப்பது” என்று கொடுங்கள். அது தெருவை மிதிக்காத காலணி என்பதால் அம்மாவின் மனமும் ஆறும். அவர் உட்கார்ந்து மாற்றிக்கொள்ள நாற்காலி வேண்டும். மாட்டுவதற்கு முன் உள்ளே கல்லோ பூச்சியோ இருக்கிறதா என்று நீங்களே கைவிட்டுப் பாருங்கள். வாசலில் கிடக்கும் காலணிக்குள் பூரான் புகுவது தரைவீடுகளில் புதிதன்று. புது இணை வரும்வரை, அவர் வரும்போது சப்பாத்தின் அடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

பூசையறைக்குள் எந்தக் காலணியும் வேண்டாம் என்று அம்மா நினைப்பது எனக்கும் புரிகிறது. அறை வாசலுக்கு வெளியே, சாமி படம் நேரே தெரியும்படி பெரியப்பாவுக்கு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். தீபாராதனை முடிந்ததும் தட்டை முதலில் அவரிடம் கொண்டு போங்கள். அவர் கற்பூரத்தை ஒற்றிக்கொண்ட பிறகு அம்மாவே அவருக்குத் திருநீறு கொடுக்கட்டும்.