காலையில் கலந்த சோடா, மாலையில் சர்பத்!

கேள்வி: தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் குடிப்பவர்கள், பாதிப் பேர் தொடாதவர்கள். எல்லோருக்கும் ஆகட்டும் என்று பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கேலன் (நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) ஆப்பிள் சைடர், அதாவது வடிகட்டாத ஆப்பிள் ஜூஸ் வாங்கி, சோடா, எலுமிச்சை எல்லாம் சேர்த்துக் காலையிலேயே பெரிய ஜாடியில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மாலையில் ஊற்றினால் பேருக்கு ஒரு குமிழி கூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுபடி செய்ய வேண்டும், எங்கே தப்பு?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சோடாவைக் காலையிலேயே திறந்ததுதான் தப்பு. ஊரில் கல்யாணத்துக்குக் கோலி சோடாவை முந்தின நாளே உடைத்து அண்டாவில் ஊற்றி வைப்பார்களா? அடைத்து வைத்த கரியமில வாயு மூடி திறந்த நிமிடத்திலிருந்து வெளியே போகத்தான் வழி பார்க்கும். போதாததற்கு நீங்கள் வாங்கியது வடிகட்டாத சைடர். அந்தப் பழுப்புக் கலங்கலில் மிதக்கும் ஆப்பிள் துகள்களைப் பிடித்துக்கொண்டு குமிழிகள் இன்னும் சீக்கிரமாகக் கிளம்பிவிடும்.

காலையில் செய்ய வேண்டியது வேறு. இரண்டு லிட்டர் சைடரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு அங்குலப் பட்டை, நான்கு கிராம்பு, கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, பால் சுண்டவைப்பது போலச் சிறு தீயில் ஒரு லிட்டராகும் வரை விடுங்கள். முக்கால் மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும். பாகாகிவிடக் கூடாது, கரண்டியைத் தூக்கினால் ஜூஸ் மாதிரியே ஓட வேண்டும். ஆறியதும் துணியில் வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எதற்கு இந்த வேலை என்றால், சைடரில் நேரடியாகச் சோடா ஊற்றினால் ஆப்பிள் ருசி நீர்த்துப் போகும். பாதித் தண்ணீரை முன்னாலேயே விரட்டிவிட்டால், அந்த இடத்தைச் சோடா வந்து நிரப்பும். 60 மில்லி சுண்டிய சைடருக்கு 60 மில்லி சோடா என்று ஊற்றுங்கள், பழைய ருசி அப்படியே திரும்பும், நுரையோடு. எட்டுப் பேருக்கு இரண்டு சுற்று தாராளமாக வரும்.

அப்புறம் குளிர்ச்சி. 0 டிகிரித் தண்ணீரில் கரையும் வாயுவில் கிட்டத்தட்டப் பாதிதான் 20 டிகிரித் தண்ணீரில் கரையும். அதனால் சைடர், சோடா, டம்ளர் மூன்றுமே ஜில்லென்று இருக்கட்டும். மீதியுள்ள சைடரைக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இன்னும் நல்லது, கட்டி கரைந்தாலும் ருசி கெடாது.

டம்ளரில் முதலில் சுண்டிய சைடர், இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு (சிரிக்காதீர்கள், போட்டுப் பாருங்கள்). குடிப்பவர்களுக்கு மட்டும் இந்த இடத்தில் 30 மில்லி போர்பன் (அமெரிக்க விஸ்கி) அல்லது டார்க் ரம். பிறகு ஐஸ். கடைசியாகத்தான் சோடா, அதுவும் டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக. கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை மேலே தூக்கிவிட்டால் போதும், காபி ஆற்றுவது மாதிரி வேண்டாம். காக்டெயில் என்றாலே குலுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு நமக்கு. நானும் ஒருமுறை சோடாவோடு சேர்த்து ஷேக்கரில் குலுக்கினேன். மூடி கூரையில் முட்டி, சைடர் மின்விசிறி இறக்கையில் பட்டு, மறுநாள் எறும்பு சாரை சாரையாக வந்தது.

சைடரோடு போர்பன் சேர்ப்பது புதுசும் இல்லை. ஸ்டோன் ஃபென்ஸ் என்று அதற்கு ஒரு பேரே உண்டு, 1862-இல் வெளியான அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸின் பானக் குறிப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. சுண்டவைக்க நேரமில்லையா? கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் 1868-இல் தொடங்கிய மார்ட்டினெல்லிஸ் மாதிரி, நுரையோடு அடைத்த ஸ்பார்க்ளிங் சைடர் பாட்டில் உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும். ஆல்கஹால் கிடையாது, இனிப்பு தூக்கல், எலுமிச்சையை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள், சோடா தேவையில்லை.

பாட்டில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவில் வெறும் சைடர் என்றால் பொதுவாக ஜூஸ், ‘ஹார்ட்’ என்று போட்டிருந்தால் மது. லண்டனில் கதையே வேறு, அங்கே சைடர் என்றாலே மதுதான். லண்டன் போன என் பெரியம்மா ‘ஆப்பிள் ஜூஸ்தானே’ என்று அரை பைன்ட் குடித்துவிட்டு, ஊர் வெயிலை விட இந்த ஊர் ஹீட்டர்தான் தலையைச் சுற்றுகிறது என்றார். அடுத்து ஒன்று: தோட்டத்து சைடர் சில இடங்களில் பாஸ்சரைஸ் செய்யாமலும், அதாவது கிருமி சாகச் சூடாக்காமலும் வரும். நாம் கொதிக்கவைத்துவிடுவதால் கவலையில்லை, ஆனால் ஐஸ் கட்டிக்கும் கொதித்ததையே எடுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிப்பார்கள் அல்லவா.

கேள்வி: யூடியூபில் பார்த்து ஆப்பிள் சைடர் காக்டெயில் செய்யலாம் என்று மருந்துக் கடையில் ஆப்பிள் சைடர் பாட்டில் வாங்கினேன். அரை டம்ளர் ஊற்றிச் சோடா சேர்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. கெட்டுப்போன பாட்டிலா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பாட்டில் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, அது வினிகர். பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். சைடரைப் புளிக்கவைத்து மதுவாக்கி, அந்த மதுவையும் புளிக்கவிட்டால் வருவது இது. 5 சதவீதம் போல அசிட்டிக் அமிலம் இருக்கும், அரை டம்ளர் குடித்தால் தொண்டை எரியாமல் என்ன செய்யும்? கொட்டிவிடாதீர்கள், அதிலேயே நல்ல பானம் ஒன்று இருக்கிறது. ஒரு ஆப்பிளைத் துருவி 100 கிராம் சர்க்கரையோடு பிசிறி, மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வையுங்கள். ஊறிய சாற்றைப் பிழிந்து, அதில் 100 மில்லி வினிகர் சேருங்கள். இதில் 30 மில்லி எடுத்து 150 மில்லி ஜில் சோடாவில் கலந்தால் புளிப்பும் இனிப்புமாக வெயிலுக்கு இதமாக இருக்கும். இதற்கு ஷ்ரப் என்று பேர். நம் சர்பத்துக்கும் இதற்கும் ஒரே அரபு வேர்ச்சொல்தான்.

கேள்வி: பாக்கெட் ஆப்பிள் ஜூஸில் ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் தானாகவே நுரை வரும் என்கிறான் நண்பன். செய்யலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நுரை வரும், கூடவே ஆல்கஹாலும் வரும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் முதன்முதலில் அமலுக்கு வந்ததே உங்கள் சேலம் மாவட்டத்தில்தான், அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி! சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இறுக மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருந்தால் ஒரு நாள் பாட்டில் வெடிக்கும். வேண்டாம். 30 ரூபாய் சோடா வாங்கி ஊற்றச் சொல்லுங்கள் நண்பரை.

கேள்வி: டம்ளரில் செருகும் ஆப்பிள் துண்டு பத்து நிமிடத்தில் கறுத்துவிடுகிறது. அழகே போச்சு.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து துண்டுகளை அதில் போட்டு வையுங்கள், பரிமாறும்போது எடுத்துத் துடைத்துச் செருகுங்கள். தோலைச் சீவாதீர்கள், அந்தச் சிவப்பு விளிம்புதான் பார்க்க அழகு.