குவாட் பைக்ல கலப்பை கட்டி உழலாமா?

மெல்பர்னுக்கு மேற்கே மெல்ட்டன் பக்கம் அஞ்சு ஏக்கர் வாங்கின நண்பர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "நிலத்தோட சேர்த்து ஒரு பழைய 500 சிசி குவாட் பைக்கும் (நாலு சக்கர பைக்) வந்துச்சு, பின்னாடி சாமான் மாட்டி இழுக்க ரெண்டு இன்ச் ஹிட்ச் இருக்கு. அதுல மாட்டுற த்ரீ பாயின்ட் லிஃப்ட் (கருவிய மூணு இடத்துல பிடிச்சு தூக்குறது), ஒரு ஒத்தைக் கொழு கலப்பை, அஞ்சு கொத்து கல்டிவேட்டர், டிஸ்க் ஹாரோ (வட்டத் தட்டுகள் உருண்டு மண்ணை வெட்டுற கருவி) எல்லாம் செட்டா ஒருத்தர் விக்கிறார். அரை ஏக்கர்ல காய்கறி போடணும், மீதி எல்லாம் புல்லுதான். இதை வாங்கிட்டா டிராக்டர் இல்லாமலே சமாளிக்கலாமா சார்?"

சமாளிக்கலாம், ஆனா அந்த செட்டை முழுசா வாங்காதீங்க. டிஸ்க் மட்டும் போதும், கொழு கலப்பைய தொடவே வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

உங்க வண்டி எப்படியும் 25லேர்ந்து 35 எச்பிக்குள்ள இருக்கும். நம்ம ஊர்ல ஓடுற மகிந்திரா யுவராஜ் வெறும் 15 எச்பிதான். பேப்பர்ல பார்த்தா குவாட்தான் பலசாலின்னு தோணும், விக்கிறவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க. ஆனா யுவராஜ் எடை 780 கிலோ, உங்க வண்டி நீங்க ஏறி உக்காந்தாலும் 400 கிலோவை ஒட்டித்தான் வரும். உழவுக்கு எச்பி ரெண்டாவது, டயர் மேல எவ்வளவு பாரம் உக்காருதுங்கறதுதான் முதல்ல. மண்ணு மேல போறப்ப எடையில சுமார் பாதி அளவுக்குத்தான் இழுவை கிடைக்கும்னு வச்சுக்கங்க, அப்ப உங்களுக்கு கிடைக்கிறது 200 கிலோ. இப்ப கலப்பைக்கு வாங்க. 20 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டினா 300 சதுர சென்டிமீட்டர் மண்ணை அறுக்குறோம், களிமண்ணுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோன்னு போட்டாலே 210 கிலோ இழுக்கணும். இது மண்ணு நல்ல பதத்துல இருக்கிறப்ப. காஞ்சு கிடந்தா இதுக்கும் மேல எகிறிடும். டயர் அங்கேயே சுத்தி குழி பறிக்கும், வண்டி நகராது.

அதுவும் உங்க பக்கம் மண்ணு லேசுப்பட்டது இல்ல. மெல்பர்னுக்கு மேற்கே எரிமலைக் குழம்பு உறைஞ்சு உருவான சமவெளி, மேல கரிசல் மாதிரி களிமண், கோடையில பாளம் பாளமா வெடிக்கும், மழையில செருப்போட ஒட்டிக்கும், உள்ள அங்கங்க கருங்கல்லு. கொழு ஒரு கல்லுல மாட்டுச்சுன்னா டிராக்டர் கலப்பையில ஷியர் போல்ட், அதாவது பாரம் மீறினா தானா உடைஞ்சு மத்ததை காப்பாத்துற போல்ட், உடையும், அவ்வளவுதான். குவாட்ல அந்த போல்ட் இல்லாத கலப்பைன்னா ஹிட்ச்சே வளைஞ்சுக்கும், இல்லாட்டி முன்னாடி சக்கரம் மேல கிளம்பும்.

அடுத்து அந்த த்ரீ பாயின்ட் லிஃப்ட். பேரு ஒண்ணா இருக்கே தவிர டிராக்டர்ல இருக்கிறதும் இதுவும் ஒண்ணு இல்ல. டிராக்டர்ல ஹைட்ராலிக் இருக்கு, மண்ணு இறுக்கமானா கருவிய தானா கொஞ்சம் தூக்கி அந்த பாரத்தை பின் சக்கரத்து மேல போடும், சக்கரத்துக்கு பிடி கூடும். குவாட்ல இருக்கிறது கையால இழுக்கிற லீவர், இல்லேன்னா 12 வோல்ட்ல ஓடுற ஒரு மோட்டார், தூக்கும் இறக்கும், அதுக்கு மேல அதுக்கு புத்தி கிடையாது. போதாததுக்கு குவாட்ல சஸ்பென்ஷன் வேற. வண்டி ஒரு மேடு ஏறி குனிஞ்சா பின்னாடி கொத்து மேல வந்துரும், நிமிர்ந்தா ஆழமா குத்தும். உழுது முடிச்சு திரும்பிப் பார்த்தா ஒரு இடத்துல ரெண்டு இன்ச், பக்கத்துலயே வெறும் கீறல். பல செட்ல பின் அளவும் அந்தந்த கம்பெனிக்குன்னு தனியா இருக்கும், நாளைக்கு ஒரு சின்ன டிராக்டர் வாங்கினா அதுல இதை மாட்ட முடியாது. பிடிஓ ஷாஃப்ட், அதாவது இன்ஜின் சுழற்சிய கருவிக்குக் கொண்டு போற தண்டு, குவாட்ல கிடையாதுங்கறதால ரோட்டவேட்டரும் ஓடாது, சொந்தமா இன்ஜின் வச்ச டில்லரை வேணா பின்னாடி கட்டி இழுக்கலாம்.

அதனால நான் செய்யச் சொல்றது இது. முதல் உழவை மட்டும் காசு குடுத்து டிராக்டர் காரரை விட்டு ஓட்டிக்கங்க. அரை ஏக்கர் அவருக்கு கொஞ்ச நேர வேலை. அதுக்கு முன்னாடி புல்லை வெட்டி அல்லது மருந்தடிச்சு காய விட்டுருங்க, கிக்குயு புல்லு இருந்தா பச்சையா இருக்கிறப்ப உழுதா துண்டு துண்டா வெட்டி நாமளே நட்ட மாதிரி ஆயிரும். ஒரு தடவை அடிமண்ணு உடைஞ்சிருச்சுன்னா அப்புறம் உங்க குவாட்டும் டிஸ்க்கும் தாராளமா வேலை செய்யும்: கட்டி உடைக்கிறது, களை கிளர்றது, எரு கலக்குறது எல்லாம் ரெண்டு மூணு இன்ச் ஆழத்து வேலைதான்.

டிஸ்க்ல ஹிட்ச்சுலயே நேரா மாட்டுறது ஒரு வகை, சொந்த சக்கரத்தோட பின்னாடி இழுபடுறது இன்னொரு வகை. நீங்க சக்கரம் வச்சதை எடுங்க. ஆழம் வண்டியோட ஆட்டத்தை நம்பி இருக்காது, எடையும் ஹிட்ச் மேல தொங்காது, இல்லேன்னா முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் திருப்பினாலும் வண்டி நேராவே போகும். மேல கான்கிரீட் பிளாக் வைக்க தட்டு இருக்கான்னு பாருங்க, வெறும் டிஸ்க் காஞ்ச மண்ணுல உருண்டுக்கிட்டு போகுமே தவிர வெட்டாது. தட்டுகளோட கோணத்தை முதல் ஓட்டத்துல கம்மியா வச்சு ஆரம்பிச்சு அப்புறம் கூட்டுங்க. மண்ணை கையில எடுத்து உள்ளங்கையில உருட்டிப் பாருங்க, திரி மாதிரி நீளமா வந்தா இன்னும் ஈரம், விட்டுருங்க, உருட்டுறப்பவே உதிர்ந்தா அதுதான் பதம்.

ஓட்டுறப்ப லோ கியர், வேகம் மணிக்கு 5லேர்ந்து 8 கிலோமீட்டர். பெல்ட்ல ஓடுற வண்டின்னா இது ரொம்ப முக்கியம், ஹை கியர்ல இழுத்தா பெல்ட் வழுக்கி சூடேறும், ரப்பர் கருகுற வாடை வந்தா உடனே நிறுத்துங்க. மெதுவா போறதால ரேடியேட்டருக்கு காத்து கிடைக்காது, அது முன்னாடி புல்லு விதையும் புழுதியும் அடைச்சிருந்தா டெம்பரேச்சர் லைட் எரியும், அப்பப்ப இறங்கி கையால தட்டி விடுங்க. ஓட்டத்தோட கடைசியில திரும்புறப்ப டிஸ்க்கை தூக்கிட்டு திருப்புங்க. தூக்க முடியாத மாடல்னா அகலமா வளைச்சு வாங்க, ஒடிச்சு திருப்பினா இழுகம்பி டயர்ல உரசும்.

இப்ப கண்டிப்பா கேக்க வேண்டிய விஷயம். எதை இழுத்தாலும் ஹிட்ச்லேர்ந்துதான் இழுக்கணும். மரக்கட்டையோ வேலிக்கல்லோ ஒண்ணை இழுக்க சங்கிலிய எடுத்து பின் ரேக்ல கட்டுறவங்க நிறைய பேர், அது ஆக்சிலுக்கு மேல இருக்கிற புள்ளி, கீழ ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா முன்பக்கம் எழும்பி வண்டி ஓட்டுறவர் மேலயே மல்லாந்து விழும். ஆஸ்திரேலியாவுல 2021 அக்டோபர் 11லேர்ந்து பண்ணை மாதிரி பொது வேலைக்குன்னு விக்கிற புது குவாட் எல்லாத்துக்கும் ஓபிடி, அதாவது வண்டி கவிழ்ந்தா ஆளை நசுக்காம தாங்க சீட்டுக்குப் பின்னாடி மாட்டுற பாதுகாப்பு ஃபிரேம், கட்டாயம். பக்கவாட்டுல 28.81 டிகிரி சாயுற வரைக்கும் கவிழக் கூடாதுங்கற நிபந்தனையும் உண்டு. அதை ஒத்துக்காம ஹோண்டா, யமஹா மாதிரி பெரிய கம்பெனிகளே இங்க அந்த மாதிரி குவாட் விக்கிறதை நிறுத்திட்டாங்க. உங்களுது பழைய வண்டிங்கறதால அது இருக்காது, ஆனா தனியா வாங்கி மாட்டிக்கலாம், டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி இதை வாங்குங்க. ஹெல்மெட்டும்தான்.

மீதி நாலரை ஏக்கர் புல்லுக்குத்தான் குவாட் உண்மையிலேயே உபயோகம். செயின் ஹாரோ இழுத்து சாணத்தை பரத்தலாம், உரம் தூவுற ஸ்ப்ரெடர் கட்டலாம், டிரெய்லர்ல கொம்போஸ்ட் கொண்டு வரலாம். மருந்து தெளிக்கிற டேங்க்ல மட்டும் கவனம். 100 லிட்டர் டேங்க்னா தண்ணியே 100 கிலோ, பல வண்டிகள்ல பின் ரேக் அதைத் தாங்காது, அரை டேங்க் தண்ணி சரிவுல ஒரு பக்கமா அலம்புறது முழு டேங்கை விட மோசம். ரேக்ல வைக்கிறதுன்னா 50 லிட்டரோட நிறுத்திக்கங்க, அதுக்கு மேல வேணும்னா பின்னாடி இழுக்கிற டைப்.

விக்கிறவர்கிட்ட இருக்கிற டிஸ்க் சக்கரம் வச்ச வகையான்னு முதல்ல கேளுங்க, ஆமான்னா அதை மட்டும் தனியா தருவாரான்னு கேளுங்க. பாக்கப் போறப்ப தட்டை கையால சுத்தி பேரிங் கரகரங்குதான்னு பாருங்க, தட்டைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டியும் பாருங்க. உங்க வண்டி மேனுவல்ல இழுவை லிமிட்டும் ஹிட்ச் மேல தாங்குற எடையும் தனித்தனியா ரெண்டு எண்ணு போட்டிருக்கும், மேல வைக்கப்போற பிளாக்கோட சேர்த்து டிஸ்க் அதுக்குள்ள வரலேன்னா அவர் என்ன விலை சொன்னாலும் திரும்பி வந்துருங்க.