வாசகர் கேள்வி – பதில்: மூளையில் படியும் புரதங்கள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 84. டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூளையில் புரதங்கள் தவறாக மடிந்து படிவதே காரணம் என்று படித்தேன். அவருடைய உணவில் புரதத்தைக் குறைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உண்ணும் புரதம் குடலிலேயே சிதைந்து அமினோ அமிலங்களாகிவிடுகிறது. மூளையில் படிபவை உடலின் செல்களே உண்டாக்கியவை. இந்த வயதில் புரதத்தைக் குறைத்தால் தசை மெலிந்து, தடுமாறி விழும் அபாயம் கூடுவதுதான் மிச்சம்.

பெரும்பாலான புரதங்கள் அமினோ அமிலங்களைக் கோத்த இழைகளாக உருவாகி, உரிய வடிவில் மடிந்த பிறகே வேலை செய்யத் தொடங்குகின்றன. மடிப்பு பிசகியவற்றைத் திருத்தும் துணைப் புரதங்களும், திருத்த முடியாதவற்றைச் சிதைத்து அகற்றும் ஏற்பாடும் செல்லுக்குள்ளேயே உண்டு. முதுமையில் இந்தத் துப்புரவு மந்தமாகும்போது, பிசகிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத நார்களாகத் திரள்கின்றன.

ஐம்பதுகளில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுகளையும் உள்ளே முடிச்சுகளையும் கண்டதாக 1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அறிவித்தார்; டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகை அவர் பெயரால்தான் அல்சைமர் நோய் எனப்படுகிறது. திட்டுகளில் இருப்பது அமிலாய்டு பீட்டா என்ற புரதம். முடிச்சுகளில் இருப்பது, செல்லின் நுண்குழல்களை நிலைநிறுத்த வேண்டிய டௌ என்ற புரதம். அறிகுறிகள் தோன்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கலாம்; அது நிறைய இருந்தும் நினைவு தெளிவாக உள்ள முதியவர்கள் பலர். நினைவிழப்பின் அளவோடு நெருங்கிப் பொருந்துவது டௌ பரவிய அளவுதான்.

உங்கள் தந்தையின் வயதில் இவ்விரண்டோடு கதை முடிவது அரிது. லூயி திரள்கள் எனப்படும் கட்டிகளாகச் சேரும் ஆல்பா சைனுக்ளின், எண்பதைக் கடந்தவர்களிடம் அதிகம் காணப்படும் டிடிபி-43 ஆகிய புரதங்கள், இவற்றோடு ரத்தக்குழாய்ச் சேதம் என ஒரே மூளையில் பல கோளாறுகள் கலந்திருப்பதே வழக்கம் என்பதைப் பிரேதப் பரிசோதனைகள் காட்டுகின்றன. டிடிபி-43 விளைவிக்கும் நினைவிழப்பு அல்சைமரைப் போலவே தோன்றுவதால், அதற்கென லேட் (LATE) என்ற தனிப் பெயரே 2019-இல்தான் சூட்டப்பட்டது. மருத்துவச் சீட்டில் எழுதப்படும் ஒற்றை நோய்ப் பெயரை முழு விளக்கமாகக் கொள்ளாமல், முதன்மையான சந்தேகமாகக் கொள்வதே சரி என்பது என் கருத்து.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதல்ல. இல்லாத மனிதர்கள் தெரிவது, தெளிவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவது, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுவது ஆகியவை லூயி திரள்களால் வரும் டிமென்ஷியாவைச் சுட்டும். அந்த வகை நோயாளிகளுக்கு மனநோய்க்கான சில மாத்திரைகள் கடுமையான தீங்கு விளைவிக்கலாம் என்பதால், இத்தகைய குறிகள் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: தவறாக மடிந்த புரதம் தொற்றும் என்கிறார்களே, பராமரிப்பவருக்கு ஆபத்து உண்டா?

பதில்: இல்லை. பிசகிய புரதம் தன்னைப் போன்ற நல்ல புரதங்களையும் பிசகச் செய்கிறது என்ற கருத்தை, பிரையான் என்ற பெயருடன் 1982-இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி புரூசினர் முன்வைத்தார். 1997-இல் நோபல் பரிசும் பெற்றார். டௌவும் ஏறத்தாழ அவ்வாறே செல்லுக்குச் செல் பரவுகிறது, ஆனால் ஒரே மூளைக்குள். அரிய விதிவிலக்காக, சிறுவயதில், இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடப்பட்ட சிலருக்குப் பிற்காலத்தில் அல்சைமர் போன்ற பாதிப்பு வந்ததாக 2024-இல் பிரிட்டன் மருத்துவர்கள் தெரிவித்தார்கள். அத்தகைய சிகிச்சை அங்கு 1985-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. தொடுவதாலோ உணவூட்டுவதாலோ உடல் துடைத்துவிடுவதாலோ எதுவும் பரவாது.

கேள்வி: படிந்ததை அகற்ற மருந்து வந்துவிட்டதா?

பதில்: அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா முழு அனுமதி அளித்தது. 18 மாத ஆய்வில் அது சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. இழந்த நினைவை மீட்கவில்லை. அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே உரிய அதற்கு, மூளை வீக்கம், நுண்ணிய ரத்தக்கசிவு என்னும் பக்கவிளைவுகளும் உண்டு. பல புரதங்கள் கலந்து படிந்துள்ள மூளையில் அமிலாய்டு மட்டும் நீங்கினாலும், டிடிபி-43-உம் சைனுக்ளினும் அப்படியே இருக்கும். முதியவர்களுக்கு இம்மருந்தைப் பரிந்துரைக்கும் முன் மருத்துவர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.