நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்...

கேள்வி: குழந்தைகள் பாதுகாப்புக்கான தொண்டு நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் கேஸ் ஒர்க்கராக இருந்தேன். போன மாதம் மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள், பயிற்சி எதுவும் தரவில்லை. நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்ட நான்கு பேர் இன்று எனக்குக் கீழே. அவர்களின் விசாரணை அறிக்கை சரியில்லை என்றால் சொல்லக் கூச்சப்பட்டு, ராத்திரி நானே திருத்தி எழுதிவிடுகிறேன். இது சரியா மேடம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். குழந்தையின் வீட்டுக்குப் போய் விசாரித்தது நீங்கள் இல்லை. நீங்கள் அழகாகத் திருத்திக் கொடுத்தால், அந்தக் குழந்தையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதே மறைந்துபோகும், குழந்தையை யாரிடம் விடுவது என்று தீர்மானிக்கும் அரசின் குழந்தைகள் நலக் குழுவும் அந்தத் தாளை நம்பித்தான் முடிவெடுக்கும்.

நான் மேற்பார்வைக்கு வந்த புதிதில், ஒரு பெண் மூன்று முறை வீட்டுக்குப் போய்வந்து மூன்று முறையும் 'குழந்தை நலமாக உள்ளது' என்றே எழுதியிருந்தாள். கோபப்படாமல், "எங்கே உட்கார்ந்து பேசினே? அப்போ பாப்பா எங்கே இருந்தா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "திண்ணையிலதான் அக்கா, சித்தப்பா இருந்தாரு, பாப்பா அவர் பக்கத்துலயே நின்னா" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் குழந்தையிடம் தனியாகப் பேசினாள். நான்காவது அறிக்கை இரண்டு பக்கம் வந்தது, அதில் என் வரி ஒன்றுகூட இல்லை.

2000-இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி, பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் கொடுமையால் இறந்துபோனாள். சமூகப் பணியாளர்கள், போலீஸ், மருத்துவமனை என்று எல்லோருக்கும் தெரிந்த குழந்தைதான். அவள் சாவைப் பற்றி லேமிங் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003-இல் வந்தது, அது மேலே இருந்தவர்களின் மேற்பார்வைக் குறையையும் கடுமையாகச் சொன்னது.

அதனால் வாரம் ஒரு மணி நேரம், ஒவ்வொருவரோடும் தனித்தனியாக, கேஸ் ஃபைலை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் நலக் குழு முன் ஆஜர்படுத்தினார்களா, குடும்பச் சூழலைப் பார்க்கும் சமூக விசாரணை 15 நாளில் முடிந்ததா என்பதைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், மீதி நேரம் குழந்தையைப் பற்றித்தான் பேச வேண்டும். அப்புறம் போக்சோ வழக்கு பார்த்துவிட்டு வந்தவரிடம், அறிக்கை கேட்பதற்கு முன்னால் ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள், இந்த வேலையில் பல பேர் மனசு விட்டுப்போய்த்தான் கிளம்பிவிடுகிறார்கள்.

கூச்சத்தைப் பற்றி: நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்து, "இனி உங்க அறிக்கையில கேள்வி கேட்பேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், சரி, சுளிக்கட்டும்.

உங்களுக்கும் இதே மாதிரி உட்கார்ந்து பேச, அனுபவமுள்ள ஒரு மூத்த மேற்பார்வையாளர் வேண்டும். நிர்வாகத்திடம் வாயால் கேட்காமல், கடிதமாகவே கொடுத்துக் கேளுங்கள்.