பண்டைய கிரேக்க அரசான பெர்காமோனை ஆண்ட அட்டாலிட் அரச மரபு ரோமின் தயவால்தான் நிலைத்ததா?

ரோமின் பங்கு பெரிதுதான். ஆனால் ரோமப் படை ஆசியா மைனரில் (இன்றைய துருக்கியின் பெரும்பகுதி) கால் வைப்பதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முன்பே அம்மரபு வேரூன்றிவிட்டது. அதைத் தாங்கியவை கருவூலமும் குடும்ப ஒற்றுமையுமே என்பது என் கருத்து.

இன்றைய துருக்கியின் பெர்காமா ஊருக்கு மேலே, செங்குத்தான குன்றில் பெர்காமோன் கோட்டை இருந்தது. அலெக்சாந்தரின் தளபதியாயிருந்து பின்னர் மன்னரான லிசிமாக்கோஸ், 9,000 தாலந்து (பண்டைய எடை அளவு) செல்வத்தை அங்கே சேமித்து, அதன் காவலைத் தம் அதிகாரி பிலெட்டைரோஸிடம் ஒப்படைத்திருந்தார். லிசிமாக்கோஸின் அரண்மனையில் சூழ்ச்சிகள் முற்றியபோது, கி.மு. 282 அளவில், பிலெட்டைரோஸ் அவருடைய போட்டி மன்னரான செலூக்கஸின் பக்கம் சாய்ந்தார். இரு மன்னர்களும் அடுத்தடுத்து மடியவே, கோட்டையும் பணமும் அவர் வசமே தங்கின. நம்பிக்கைத் துரோகத்தில் பிறந்த ஆட்சி என்று இதைச் சொல்லலாம். எனினும் அவர் அரசப் பட்டம் சூடவில்லை. அண்டை நகரங்களுக்கும் கோயில்களுக்கும் கொடையளித்தே செல்வாக்கைப் பெருக்கினார். அவர் அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்டவர்) என்பதால் ஆட்சி உடன்பிறந்தாரின் வழியில் சென்றது.

ஆசியா மைனரில் குடியேறிய கெல்டிக் இனத்தவரான கலாத்தியருக்குக் கப்பம் கட்ட மறுத்து, அவர்களைப் போரில் வென்ற முதலாம் அட்டாலோஸ்தான் இம்மரபில் முதன்முதலில் மன்னர் என்ற பட்டத்தை ஏற்றார். அவருக்கும் கிசிக்கோஸ் நகரத்துப் பெண்ணான அப்பொல்லோனிஸுக்கும் பிறந்த நான்கு மகன்களின் ஒற்றுமை கிரேக்க உலகெங்கும் பேசப்பட்டது. சகோதரக் கொலை மலிந்திருந்த எகிப்தின் தாலமி, சிரியாவின் செலூக்கிய அரண்மனைகளோடு ஒப்பிட்டால் இது வியப்புக்குரியது. கி.மு. 172இல் கிரேக்கத்தின் டெல்ஃபி அருகே தாக்கப்பட்ட மூத்த மகனும் மன்னருமான இரண்டாம் யூமெனிஸ் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியபோது, தம்பி அட்டாலோஸ் முடி சூடி அண்ணியையும் மணந்துகொண்டார் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அண்ணன் உயிரோடு திரும்பியதும் முடியைக் கழற்றிவிட்டு எதிர்கொண்டு வரவேற்றார். அண்ணனும் அவரைத் தழுவிக்கொண்டாராம். பின்னர் யூமெனிஸ்மீது ஐயம் கொண்ட ரோமர்கள் தம்பியை அவருக்கு எதிராகத் தூண்டியபோதும், அவர் இசையவில்லை.

ரோமின் நட்பால் கிடைத்த பெரும்பயன், ரோம் செலூக்கிய மன்னரைத் தோற்கடித்தபின் செய்த கி.மு. 188இன் அப்பாமியா உடன்படிக்கை வழியே யூமெனிஸுக்கு வந்த பரந்த நிலப்பரப்பு. இன்று பெர்லினில் உள்ள பெரும் பலிபீடமும் புகழ்பெற்ற நூலகமும் அவர் காலச் செழிப்பின் விளைவுகளே.

கி.மு. 133இல் வாரிசின்றி இறந்த கடைசி மன்னர் மூன்றாம் அட்டாலோஸ், நாட்டையே ரோம மக்களுக்கு உயில் எழுதி வைத்தார். அதை ஏற்காமல், தம்மை இரண்டாம் யூமெனிஸின் மகன் என்று கூறிக்கொண்ட அரிஸ்டோனிக்கோஸ் கிளர்ந்தெழுந்தார். அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டதும், நாட்டின் பெரும்பகுதி ரோமின் ஆசியா மாகாணமாயிற்று.